அந்து விழுந்த அரிசிக்கு நஞ்சு மருந்தல்ல

அரிசியை அள்ளும்போது மணிகள் நூலாம்படையில் சிக்கியதுபோல் கொத்துக் கொத்தாக வந்தால், அது வண்டின் வேலை அல்ல. அரிசி அந்துப்பூச்சியின் புழு செய்தது. கார்சைரா செபலோனிகா எனப்படும் இந்தச் சாம்பல் நிறப் பூச்சி, பைராலிடே என்ற மூக்கு அந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. தலைக்கு முன்னால் மூக்குப்போல் நீளும் உணரிகள் பெண்பூச்சிக்கு நீளமாகவும் ஆணுக்குக் குட்டையாகவும் இருக்கும். சுவரில் ஒட்டியிருக்கும் பூச்சி தானியத்தைத் தின்பதில்லை. தின்பது புழுதான். குருணை, தவிடு, ரவை, சிறுதானியம், நிலக்கடலை எல்லாவற்றையும் பட்டு இழையால் பிணைத்து, அந்தக் கூட்டுக்குள்ளேயே வளர்கிறது. முட்டை பூச்சியாக ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். ஆகவே, பறக்கும் பூச்சியைப் பார்த்து மருந்தடிப்பதால் டப்பாவுக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

உண்மையான ஆபத்து, பயந்துபோய் நாம் தேடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையில் இருக்கிறது. ஈரக்காற்று பட்டதும் 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து சுமார் 1 கிராம் பாஸ்பீன் வாயு வெளியேறும். அது அடுத்த அறைக்கும் கசியும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. கிடங்குகளில் இதைத்தானே வைக்கிறார்கள் என்று கேட்கலாம். அங்கே மூட்டைகளைக் காற்றுப் புகாமல் மூடி, பயிற்சி பெற்றவர்கள் வைத்து, பிறகு வாயு முழுவதும் வெளியேறக் காற்றோட்டம் விடுகிறார்கள். படுக்கையறைக்குப் பக்கத்து அலமாரியில் அதற்கு வழியில்லை. சட்டமும் இதை அரசு நிறுவனங்களுக்கும் கண்காணிப்பில் இயங்கும் பூச்சி ஒழிப்பாளர்களுக்கும் மட்டுமே அனுமதிக்கிறது. வேப்பிலை போதாது என்பது சரிதான். உள்ளே புகுந்த புழுவை அது கொல்லாது. ஆனால் சலித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, பழைய குருணை ஒட்டாத டப்பாவில் இறுக மூடிவைத்தால் போதும். சிறிய அளவென்றால் உறைபெட்டியில் நான்கு நாள் வைக்கலாம்.

வாங்கிய அரிசியே அப்படி இருந்தால்? பூச்சி புழு விழுந்த உணவு, 2006 உணவுப் பாதுகாப்பு, தரநிலைகள் சட்டப்படி பாதுகாப்பற்ற உணவு. “உங்கள் வீட்டில்தான் அந்து விழுந்தது” என்று கடைக்காரர் சொல்லலாம். வாங்கிய அன்றே பிரித்த பையில் இழைக்கூடும் கூட்டுப்புழுவும் இருந்தால், அந்த ஒன்றரை மாதக் கணக்கே அவருக்குப் பதில். எனவே பையைப் பிரிக்கும்போதே படமெடுங்கள். ரசீதையும் பேட்ச் எண்ணுள்ள உறையையும் பத்திரப்படுத்துங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ரேஷன் அரிசி என்றால் கடையிலேயே மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் 1967 என்ற எண்ணிலோ, 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த மாவட்டக் குறைதீர் அலுவலரிடமோ முறையிடலாம். இலவச அரிசிக்குக் கேள்வி கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். அந்தச் சட்டம் தருவது உரிமை, தானம் அல்ல.