தடவிய மருந்து எங்கே போகிறது?

முழங்கையில் சொரியாசிஸ் உள்ள ஒருவர் களிம்பு தடவுவதை அருகிலிருந்து பாருங்கள். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும் என்பது தோல் மருத்துவர்கள் சொல்லித்தரும் கணக்கு. வெள்ளைச் செதில்களின் மேல் வைத்துத் தேய்க்கிறார். கொஞ்சம் செதிலோடு உதிர்கிறது, கொஞ்சம் சட்டையில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே போவது எவ்வளவு? நலமான முன்கைத் தோலில் தடவிய ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தில் சுமார் 1 விழுக்காடுதான் உடலுக்குள் சென்றது என்று 1967இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

உள்ளே போகும் மருந்தைக் கூட்ட வேண்டும். ஆனால், போன மருந்து நோய் இருக்கும் ஆழத்திலேயே நிற்கவும் வேண்டும். நானோ துகள் ஆய்வுகள் இந்த இரண்டையும் சேர்த்துச் சாதிக்கப் பார்க்கின்றன.

ஏன் தோல் வழி?

நோய்க் கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் செல்கள் நம் உடலையே தாக்குவது தன்னெதிர்ப்பு நோய். வேலியே பயிரை மேய்வது போல. மூட்டைத் தாக்கினால் முடக்குவாதம். நிறமிச் செல்களை அழித்தால் வெண்புள்ளி. சொரியாசிஸில், சுமார் ஒரு மாதம் எடுத்து மேலே வந்து உதிர வேண்டிய தோல் செல்கள் சில நாட்களிலேயே வந்து குவிகின்றன. இவை எதுவும் தொற்றாது.

இந்த எதிர்ப்பை அடக்கும் மருந்துகளில் நெடுநாள் புழக்கத்தில் உள்ளது மெத்தோட்ரெக்ஸேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் தலைமையில் 1940களில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த மருந்து அது. நல்ல மருந்துதான். ஆனால் விழுங்கினால் உடல் முழுவதும் போகிறது. கல்லீரலையும் எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கிறதா என்று அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டியிருக்கிறது. நாலு விரல் அகல நோய்க்கு மொத்த உடலும் விலை கொடுக்கிறது.

சுவரும் அதன் சாந்தும்

அப்படியானால் அதையே களிம்பாக்கித் தடவலாமே? தோலின் உச்சியில் செத்த செல்களால் ஆன ஒரு படலம் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். எழுதும் தாளைவிட மெல்லியது. செத்த செல்கள் செங்கல் போலவும், இடையிலுள்ள கொழுப்பு சாந்து போலவும் அடுக்கப்பட்டிருக்கின்றன. பொதுவாக 500 டால்டனுக்கு மேல் மூலக்கூறு எடையுள்ள பொருள் இந்தச் சுவரைத் தாண்டுவதில்லை என்று 2000இல் இரண்டு தோல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்றும் வழிகாட்டியாக இருக்கும் விதி அது. எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரினின் எடை சுமார் 1,200. ஊசியாகப் போடும் ஆன்டிபாடி மருந்துகளின் எடை 1,50,000 வரை. மெத்தோட்ரெக்ஸேட் 454தான் என்றாலும், மின்னூட்டம் பெற்று நீரை நாடும் மூலக்கூறு அது. கொழுப்புச் சாந்தில் நுழைய முடியாமல் வெளியிலேயே தங்கிவிடுகிறது.

கொழுப்புக் குமிழி

இங்கேதான் நானோ துகள் வருகிறது. ஒரு மீட்டரை 100 கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். மருந்து சுமக்கும் துகள்கள் பெரும்பாலும் சில பத்து முதல் சில நூறு நானோமீட்டர் வரை இருக்கும். இவற்றில் மூத்தது லிப்போசோம் என்னும் கொழுப்புக் குமிழி. 1960களில் இங்கிலாந்தில் அலெக் பேங்ஹாம் கண்டறிந்தது. நீரை நாடும் மருந்தையும் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். வெளிப்புறமோ தோலின் சாந்தோடு ஒத்துப்போகும்.

1980இல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ஒரு ஸ்டீராய்டை இந்தக் குமிழியில் வைத்து முயல்களின் தோலில் தடவினார்கள். சாதாரண லோஷனோடு ஒப்பிட்டால் தோலில் 4 முதல் 5 மடங்கு மருந்து சேர்ந்தது; உடலுக்குள் பரவியதோ குறைந்தது. தேவையான இடத்தில் அதிகம், மற்ற இடத்தில் குறைவு. இந்தத் துறையின் நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

துகள் முழுதாகத் தோலைத் துளைத்து ரத்தத்தில் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. குமிழி மேல் அடுக்குகளில் உடைகிறது, அதன் கொழுப்பு சாந்தைத் தளர்த்துகிறது, மருந்து மட்டும் கீழே இறங்குகிறது. மயிர்க்கால் இன்னொரு வழி. பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் பன்றிக் காதுத் தோலில் சுமார் 320 நானோமீட்டர் துகள்களைத் தேய்த்துப் பார்த்தார்கள். தேய்க்கும்போது துகள்கள் மயிர்க்காலுக்குள் ஆழமாக இறங்கின; முடி அசைந்து பம்பு போலத் தள்ளியிருக்கலாம் என்று கருதினார்கள். மனிதத் தோலில் தேய்த்தபோது 10 நாள் வரை அவை மயிர்க்காலிலேயே தங்கியிருந்தன. மருந்து மெல்லக் கசிய அது நல்ல கிடங்கு.

அடக்குவதற்குப் பதில் பழக்குவது

தோலில் நிற்கும் காவல் செல்கள் தாங்கள் கண்டதை எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டிக்கொடுப்பவை. "இது நம்முடையது, தாக்காதே" என்று அவற்றின் வழியாகவே கற்பிக்க முடியுமா? போலந்தில், நரம்பு உறை தாக்கப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 30 பேரை வைத்து நடந்து 2013இல் வெளியான சோதனையில், நரம்பு உறைப் புரதத் துண்டுகளைத் தோலில் ஒட்டினார்கள். குறைந்த அளவு பெற்றவர்களிடம் மூளையில் அழற்சிப் புள்ளிகள் குறைந்தன. வேல்ஸின் கார்டிஃபில், இன்னொரு தன்னெதிர்ப்பு நோயான முதல் வகை நீரிழிவுக்காகப் புரதத் துண்டைத் தங்க நானோ துகளில் ஏற்றி நுண்ணூசியால் தோலுக்குள் செலுத்தினார்கள். அங்கே தங்கம் ஊசி போட்ட இடத்திலேயே நெடுங்காலம் தங்கிவிட்டது. துகள் கரையுமா, தேங்குமா என்பது சிறிய கேள்வியல்ல.

இன்று எங்கே நிற்கிறோம்?

வெண்புள்ளிக்கான ருக்சோலிட்டினிப் கிரீமுக்கு 2022இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதன் எடை 306 டால்டன். தானே நுழைந்துவிடும், நானோ வண்டி தேவையில்லை. தோல் வழியாகவே எதிர்ப்பை அடக்க முடியும் என்பதற்கு அது சான்று. மெத்தோட்ரெக்ஸேட் போன்றவற்றை ஏற்றிச் செல்லும் நானோ களிம்புகள் பெரும்பாலும் ஆய்வகத்திலும் விலங்குச் சோதனையிலும் சிறு பரிசோதனைகளிலும்தான் இருக்கின்றன. நோயால் வெடித்த தோலில் மருந்து வேறு அளவில் நுழையும் என்பதால் அளவை வரையறுப்பதும் கடினம்.

ஆகவே, மாத்திரையையோ ஊசியையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். டியூபில் "நானோ" என்று அச்சிட்டிருந்தால் மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எவ்வளவு ஆழம் போகும்? போய் எங்கே நிற்கும்? இரண்டுக்கும் மனிதர்களிடம் அளந்த பதில் இருந்தால், விரல் நுனியிலுள்ள அந்த அரை கிராமை நம்பித் தடவலாம்.