மகப்பேறும் பிரசவமும்: பணிபுரியும் தாய்மார் குறித்த ஒரு சொல்லாய்வு

பணிபுரியும் பெண்டிரிடையே தாய்மை பற்றிய நோக்கு மாறி வருகிறது. இம்மாற்றத்தைச் சட்டச் சொற்களின் மொழிபெயர்ப்பிலும் காணலாம். இவ்வாய்வுக்கு நாகலாபுரம் ஏற்ற களமாகும். சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022இல் திருப்பதி மாவட்டத்தோடு இணைந்த இவ்வூர் தமிழக எல்லைக்கு அருகில் உள்ளது. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் இத்தகைய ஊர்களில் பணிக்குச் செல்லும் பெண், ஒரே உரிமைக்கு இரு மொழிப் பெயர்களைக் கேட்கிறாள்.

தெலுங்கில் இவ்விடுப்பு ‘பிரசூதி செலவு’ எனப்படும். தெலுங்கின் ‘செலவு’ விடுமுறையைச் சுட்டும். இன்றைய தமிழின் ‘செலவு’ பணம் கழிவதைச் சுட்டும். ஆகவே ஒலிபெயர்ப்பு மட்டும் செய்தால் தமிழர்க்கு அது பிரசவத்திற்கான பணச்செலவு என்றே பொருள்படும்.

இதனினும் நுண்ணியது மற்றொரு வேறுபாடு. பிரசூதி, பிரசவம் ஆகியவை உடலில் நிகழும் ஈனுதலை மட்டும் குறிப்பன. ‘பேறு’ என்பதோ ‘பெறு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. அவ்வினைக்கு ஈனுதல், அடைதல் என இருபொருளும் உண்டு.

1961ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம் பிரசவத்தையும் கருச்சிதைவையும் மையமாகக் கொண்டது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதலிரு குழந்தைகளுக்கான விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்கும் தாய்க்கும், வாடகைத்தாய் வழிக் குழந்தை பெறும் தாய்க்கும் 12 வார விடுப்பை வழங்கியது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. இங்குத் தாய்மை ஈனுதலினின்று பிரிந்து வளர்ப்பையும் தழுவி நிற்கிறது.

மைய அரசு ஊழியர்க்கு 2008இல் வந்த 730 நாள் குழந்தை வளர்ப்பு விடுப்பு, 2018இல் துணையின்றி வாழும் தந்தையர்க்கும் விரிந்தது இப்போக்கின் தொடர்ச்சியே.

தமிழுக்கு இப்பகுப்பு புதிதன்று. அகத்திணை மரபு நற்றாயையும் செவிலியையும் வேறுபடுத்தியது. ‘வளர்ப்புப் பெற்றோர்’ என்னும் தொடரில் ‘பெறு’ ஈனுதலைக் கடந்துவிட்டது.

எனவே ‘பிரசவ விடுப்பு’ என மொழிபெயர்ப்பின், தத்தெடுத்த தாய் அறிவிப்பைப் படித்துத் தனக்குரியதன்று என எண்ணக்கூடும். ‘மகப்பேறு விடுப்பு’ என்பதே பொருத்தமானது. எனினும் வழக்கில் அதுவும் பிரசவத்தையே நினைவூட்டுவதால், தத்தெடுப்பும் அடங்கும் என்பதை முதலிடத்திலேயே வெளிப்படக் கூறுதல் மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.