இனம் தாண்டிப் போன மரபணு

இரண்டு கொசு இனங்கள் கலந்தால் புதிதாக ஒரு பயங்கரக் கொசு பிறந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. சில இனங்கள் கலந்தால் பிறக்கும் ஆண் மலடாகவே இருக்கும். நாம் கவலைப்பட வேண்டியது, கலப்பின் வழியாக ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குப் போய்ச் சேரும் மரபணுவைப் பற்றித்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் அதுதான் நடந்தது.

அங்கே மலேரியாவைப் பரப்பும் முக்கியமான கொசுக்களில் இரண்டு, அனாஃபிலிஸ் காம்பியே, அனாஃபிலிஸ் கொலூசி. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது; மரபணுச் சோதனை செய்துதான் எது எதுவென்று சொல்ல வேண்டும். 2013 வரை இரண்டையும் ஒரே இனத்தின் இரு வடிவங்களாகவே எண்ணினார்கள். அந்தி சாயும்போது ஆண் கொசுக்கள் திரண்டு ஓரிடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பறக்கும். பெண் உள்ளே நுழைந்ததும் ஓர் ஆண் பற்றிக்கொள்ள, இரண்டும் இணைந்தபடியே திரளைவிட்டு விலகும். இரு இனத்துத் திரள்களும் பெரும்பாலும் தனித்தனி இடங்களில் கூடுவதால் கலப்பு அரிது. ஆனாலும் அவ்வப்போது நடக்கத்தான் செய்கிறது.

இனி கொசுவலைக்கு வருவோம். வலையில் ஏற்றியிருக்கும் பைரித்ராய்டு என்னும் பூச்சிக்கொல்லி, கொசுவின் நரம்பில் சோடியம் நுழையும் வாயிலை மூடவிடாமல் செய்துவிடும். நரம்பு ஓயாமல் துடித்து, கொசு சுருண்டு விழும். நம் வீட்டுக் கொசுவத்தியில் இருப்பதும் பொதுவாக இதே குடும்பத்து மருந்துதான். அந்த வாயிலின் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்தின் பிடி தளர்ந்துவிடும். இந்த மாற்றத்தை உண்டாக்கும் மரபணுத் திரிபு மாலியில் காம்பியேவிடம் முன்பே இருந்தது. வலைகள் பெருமளவில் புழக்கத்துக்கு வந்த 2006-ஐ ஒட்டி அது கொலூசியிலும் வேகமாகப் பரவியது.

கொலூசியில் அது தானாகவே தோன்றியிருக்கலாமே என்று கேட்கலாம். 2015-இல் வெளியான ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. திரிபோடு சேர்ந்து, அதை ஒட்டியிருந்த காம்பியேவின் மரபணுப் பகுதியும் கொலூசிக்குள் வந்திருந்தது. கலப்பினக் கொசுக்கள் மீண்டும் மீண்டும் கொலூசியோடு சேர்ந்ததில் காம்பியேவின் மற்ற அடையாளங்கள் தலைமுறைக்குத் தலைமுறை கரைந்தன. வலையில் பட்டும் பிழைக்க உதவியதால் இந்தப் பகுதி மட்டும் நிலைத்துவிட்டது.

இதற்காக வலையைப் பழிப்பது பெருந்தவறு. ஆப்பிரிக்காவில் எத்தனையோ குழந்தைகளின் உயிரைக் காத்தது அதுதான். மாற வேண்டியது மருந்து. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஒரு வகை வலையில் பைரித்ராய்டுடன் குளோர்ஃபெனபைரும் இருக்கிறது. இது நரம்பை விட்டுவிட்டு, கொசுவின் செல்கள் ஆற்றல் உண்டாக்குவதையே குலைக்கிறது. நரம்பு வாயிலில் வந்த திரிபு இதனிடம் பலிக்காது. இந்த மருந்துக்கும் நாளை ஓர் இனத்தில் எதிர்ப்பு தலைகாட்டினால், அதோடு கலக்கும் இனங்களையும் உடனே பிடித்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.