தட்டினால் எரியும் டார்ச்

ஆலங்குடிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அப்பா காலத்துப் பித்தளை டார்ச். ரெண்டு கட்டை போடுவது. குண்டு பல்பை உடைத்தெடுத்து, அதன் மூடியிலேயே வெள்ளை எல்.இ.டி. ஒன்றைப் பற்றவைத்தேன். முதல் வாரம் பிரமாதம். இப்போது ராத்திரி மும்முனை கரண்ட் வந்து மோட்டார் போடப் போனால், பாதி வரப்பில் அணைகிறது. தொடையில் ஒரு தட்டு தட்டினால் எரிகிறது. எல்.இ.டி. போலியோ?”

எல்.இ.டி. மேல் பழி போட வேண்டாம். பழைய பல்பு சத்தமில்லாமல் பார்த்துவந்த இன்னொரு வேலையை அது பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

‘ராணுவ டார்ச்’ வாங்கிவிடலாமே என்று ஆசைப்படுவோருக்கு ஒரு வார்த்தை. அதற்குள் இருக்கும் 18650 செல்லின் மேல் 9,900 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சடித்திருக்கும். அந்த அளவுச் செல்லில் நல்ல கம்பெனிகள் தருவதே 3,500 பக்கம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனபின் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தவை ஆலங்குடிப் பக்கத்து ஊர்கள். நம்பகமான வெளிச்சத்தின் அருமையை அச்சடித்த எண் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டார்ச்சுக்குள் மின்சாரம் ஸ்பிரிங், மூடி, மரை, சுவிட்சுத் தகடு என்று பல இடங்களில் தாவ வேண்டும். ஒவ்வொரு தாவலும் எப்படிப்பட்டது? இரண்டு பலாப்பழங்களை ஒட்டி வையுங்கள். ஒட்டியிருப்பதாகத் தெரியும், தொடுவதோ நாலைந்து முள் நுனிகள்தான். வழவழப்பான பித்தளையும் நுண்ணோக்கியில் பலாத்தோலே. ஒரு பழத்திலிருந்து மற்றதற்குப் போகும் எறும்புகள் அந்த நுனிகள் வழியாகத்தான் போயாக வேண்டும். முள்ளின்மேல் பால் வடிந்து காய்ந்திருந்தால் அதுவும் அடைப்பு, அதுதான் களிம்பு. பழுத்ததா என்று தட்டிப் பார்க்கும்போது பழங்கள் மயிரிழை நகர்ந்து, பால் படாத நுனி ஒன்று எதிர்ப்பட்டால் எறும்பு ஓடும். (எறும்பு திரும்பி வருமா என்று கேட்காதீர்கள், பழம் இதற்கு மேல் தாங்காது.)

இனி எனக்குப் பிடித்த இடம். களிம்பு வழியை அடைத்திருக்கும்போது மின்சாரம் ஓடுவதில்லை. ஓடாதபோது பல்பு வோல்ட் எதையும் தின்பதில்லை. ஆகவே இரண்டு கட்டைகளின் 3 வோல்ட்டும் அப்படியே களிம்பின் மேல் நிற்கும். படலம் 10 நானோமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், மில்லிமீட்டருக்கு 3 லட்சம் வோல்ட் என்ற கணக்கு! காற்றே 3,000-த்தில் உடைந்து பொறி பறக்கவிடும். படலம் ஓட்டையாகிறது. அதே நொடியில், குளிர்ந்த இழையின் தடை எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், மின்சாரம் குபீரென்று பாய்ந்து ஓட்டையை அகலமாக்கிவிடும். ஒவ்வொரு முறை சுவிட்சைத் தள்ளும்போதும் பல்பு தன் பாதையைத் தானே பெருக்கிக்கொண்டது.

வெள்ளை எல்.இ.டி. ஏறக்குறைய 2.5 வோல்ட் கிடைக்கும்வரை கதவே திறக்காது. களிம்புக்கு மிஞ்சுவது அரை வோல்ட். கட்டை கொஞ்சம் பழசானால் அதுவும் இல்லை. அப்படியே ஓட்டை விழுந்தாலும், பல்பின் 300 மில்லிஆம்பியர் எங்கே, இதன் 20 எங்கே. சிக்கனம் என்று விளம்பரம் செய்கிறார்கள். சிக்கனக்காரன் வீட்டைப் பெருக்குவதில்லை என்று சொல்வதில்லை.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1890-இல் பிரான்சில் எட்வர்ட் பிரான்லி, பக்கத்தில் மின்பொறி பறந்தால் இரும்புத்தூளின் தடை சரிவதைக் கண்டார். ஆரம்பகால வானொலி அதை நம்பித்தான் ஓடியது. அங்கே தட்டினால் மின்சாரம் நின்றது, நம் டார்ச்சுக்கு நேர்மாறு. பின்னால் ராக்னர் ஹோம் என்பவர் இந்தத் தொடுமுனைகளுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். போதும்.

வாசகருக்கு வைத்தியம்: பின்மூடியைக் கழற்றி, கடைசிக் கட்டையின் அடியையும் டார்ச் உடம்பின் மரையையும் ஒரு கம்பியால் இணையுங்கள். ஆட்டினாலும் அணையாமல் எரிந்தால் குற்றவாளி மூடியும் ஸ்பிரிங்கும். அப்போதும் மினுக்கினால் சுவிட்சும் தலைப்பக்கமும். அழிரப்பரால் தேய்த்துப் பாருங்கள். மரையை நாலு தடவை முறுக்கித் திருப்புங்கள், உராய்வே பாதிக் களிம்பை எடுத்துவிடும். உப்புத்தாள் கடைசி வழிதான். முலாம் போனால் துரு சீக்கிரம் வரும்.

அதற்கும் மசியாவிட்டால் குழலை நீட்டி மூன்றாவது கட்டை சேர்க்கலாம். களிம்பை உடைக்கக் கூடுதலாக ஒன்றரை வோல்ட் கிடைக்கும். ஆனால் 4.5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் எல்.இ.டி. கருகும்; 68 ஓம் தடை ஒன்றை வரிசையில் பற்றவையுங்கள்.