கூடைப்பந்து ஒரு பிழைப்பாகுமா?

பங்காருபேட்டை நிலையத்தில் விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் இரயில்களில் ஏறுவோரைப் பார்த்தால், கோலார் தங்கவயலின் வரலாறு பாதி விளங்கிவிடும். 1894-ஆம் ஆண்டில் இங்கிருந்து தங்கவயலுக்குக் கிளைப்பாதை இடப்பட்டது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்க வேலையை நம்பியே வாழ்ந்தன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் போய்வருவதே பலருக்கு வழக்கமாயிற்று.

நிலையான வேலை ஒன்று கண்ணெதிரே மறைந்ததைக் கண்ட ஊர் இது. இத்தகைய ஊரில் ஒரு பிள்ளை, "நான் கூடைப்பந்து ஆடியே பிழைக்கப் போகிறேன்" என்று சொன்னால், பெற்றோர் கவலைப்படுவது இயல்பே. பந்து சோறு போடுமா என்னும் அக்கேள்வியை எள்ளி ஒதுக்குதல் தகாது. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூடைப்பந்தாட்டத்தை 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் வகுத்தார். குளிர்காலத்தில் மாணவர்கள் கூரையின் கீழ் ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. பத்தடி உயரத்தில் பழக்கூடைகளை மாட்டி அவர் அதைத் தொடங்கி வைத்தார். நம் நாட்டில் இவ்வாட்டம் பரவுவதற்கு ஒய்.எம்.சி.ஏ. இயக்கம் பெரிதும் துணை செய்தது. 1920-இல் ஹாரி பக் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரி அவ்வியக்கத்தைச் சேர்ந்ததே.

அமெரிக்காவில் இவ்வாட்டம் ஒரு முழுநேரத் தொழில். அங்குள்ள தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் 30 அணிகள் ஆட்டக்காரருக்குப் பெருந்தொகை ஊதியமாக அளிக்கின்றன. அச்சங்கத்தின் அணி ஒன்று தேர்ந்தெடுத்த முதல் இந்தியர் பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங். 2015-ஆம் ஆண்டின் தேர்வில் டல்லாஸ் அணி அவரை 52-ஆவது இடத்தில் எடுத்துக்கொண்டது. நாடே மகிழ்ந்தது. ஆயினும் முதன்மைச் சங்கத்தின் ஆட்டம் ஒன்றிலேனும் இறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. துணைச் சங்கத்தில் ஆடிய அவர், பின்னர் அமெரிக்காவிலேயே தொழில்முறை மற்போருக்குச் சென்றார். ஏழடி உயரமும் இளமையிலேயே பெற்ற அயல்நாட்டுப் பயிற்சியும் இருந்தவருக்கே அவ்வழி அத்துணை ஒடுக்கமாக இருந்தது என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

நம் நாட்டிலும் ஊதியம் தரும் போட்டித் தொடர்கள் தோன்றாமல் இல்லை. 2015-இல் தொடங்கிய ஒரு தொடர் 2017-உடன் நின்றுபோயிற்று. 2022-இல் மற்றொன்று தொடங்கப்பட்டது. எனினும், முப்பது ஆண்டுகள் குடும்பம் நடத்துவதற்கு இத்தகைய தொடர்களை மட்டும் நம்பியிருக்க இயலாது.

ஆயின், நம் ஆட்டக்காரர்கள் எவ்வாறு வாழ்கின்றனர்? இதற்கு விடை அந்தப் பங்காருபேட்டை இரயிலிலேயே இருக்கிறது. இரயில்வே, காவல்துறை, இராணுவம், வங்கிகள் ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டின் வழியாக வேலை அளிக்கின்றன. ஆட்டக்காரர் அலுவலகத்தில் ஊழியர்; களத்தில் அந்நிறுவனத்தின் அணியினர். பயிற்சி முகாமுக்கும் போட்டிக்கும் விடுப்பு உண்டு. திங்கள்தோறும் சம்பளம் உண்டு. ஆட்டம் ஓய்ந்த பிறகும் வேலை உண்டு.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. 1985-இல் பிறந்த அவர் தென்னக இரயில்வே ஊழியர். பத்தொன்பதாம் வயதிலேயே இந்திய மகளிர் அணியின் தலைவியானார். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகளில் இடைவிடாது பங்கேற்றார். 2017 ஜூலையில் ஆசியக் கோப்பையின் பி பிரிவுப் போட்டிகள் பெங்களூரில் நடந்தபோது அவரே அணித்தலைவி. இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்ற கணக்கில் நம் மகளிர் வென்று, ஏ பிரிவுக்கு உயர்ந்தனர். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கேரளத்தின் கீது அன்னா ஜோஸும் தென்னக இரயில்வே ஊழியரே. ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்காகவும் ஆடி, 2014-ஆம் ஆண்டுக்குரிய அர்ஜுனா விருதைப் பெற்றவர் அவர்.

இவ்விருவரின் புகழைக் கண்டு மகிழும்போது, அப்புகழுக்கு அடியில் ஒரு மாதச் சம்பளம் தாங்கி நின்றது என்பதையும் காணவேண்டும். அச்சம்பளம் இல்லாதிருப்பின், பதினாறு ஆண்டுகள் நாட்டுக்காக ஆடுவது எளிதாக இருந்திராது.

ஆகவே பெற்றோருக்கு நாம் கூறுவது இதுதான். கூடைப்பந்து பிழைப்பாகலாம், ஆனால் தனித்து நின்று ஆவது அரிது. இரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்வதற்குப் பொதுவாகப் பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையே வயது வரம்பு. மாநில அணியிலோ தேசிய அணியிலோ ஆடியதற்குரிய சான்றிதழ் வேண்டும். அத்துடன் பதவிக்கு ஏற்ப பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ வேண்டும். இடங்களோ சிலவே. கல்வியைக் கைவிட்டுப் பந்தை மட்டும் பற்றியவன், திறமை இருந்தும் வாயிலிலேயே நிற்க நேரும்.

வெளிமாநிலத்தில் வாழ்வோர் மற்றொன்றையும் கருதவேண்டும். கருநாடகத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு மாவட்ட அணியும் மாநில அணியும் கருநாடகத்தின் அணிகளே. அச்சட்டையை அணிந்து ஆடுவதில் அயன்மை ஏதுமில்லை. பள்ளிப் பருவத்திலேயே மாவட்டச் சங்கத்தின் போட்டிகளில் பிள்ளையைப் பங்குகொள்ளச் செய்து, பெற்ற சான்றிதழ்களைப் பத்திரப்படுத்தி வருக. மாலையில் ஒரு மணி நேரம் களத்துக்கும், இரவில் ஒரு மணி நேரம் பாடத்துக்கும் ஒதுக்குக. இரண்டில் எது கைகொடுப்பினும், பிள்ளை வெறுங்கையோடு நிற்கமாட்டான், நிற்கவும் மாட்டாள்.