டிஸ்க்கா, பென் டிரைவா?



சமையல் குறிப்பு எழுதுகிற பகுதியில் இவள் கம்ப்யூட்டர் சமாசாரம் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் படிக்கிற வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது படுத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதுதான் வேதவாக்கு. நான் பத்தாவது வரைதான் படித்தவள். எனக்கே விளங்கியது, உங்களுக்கு விளங்காதா?

எங்கள் வீட்டு லேப்டாப், நாத்தனார் மகள் ப்ளஸ் டூ படித்தபோது 2019-ல் அரசாங்கம் கொடுத்தது. (இந்த இலவச லேப்டாப் திட்டத்தை அப்போதைய முதல்வர் ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கி வைத்தது எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை.) அவள் வேலைக்குப் போய்ப் புதிது வாங்கியதும், இது ஒன்பதாவது படிக்கிற என் மகனுக்கு வந்தது. இதிலிருந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாமா என்று பார்த்தால், இந்த மெஷினுக்குப் பொருந்தாது என்று வந்தது. ஏற்கெனவே ஆமை வேகம்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எந்தக் கடை என்பது வேண்டாம். "டிஸ்க்குல போட்டாத்தான் மேடம் கரெக்டா உட்காரும். இதுல டிஸ்க் போடற தட்டே இல்ல. வெளியே மாட்டற டிவிடி டிரைவ் ஒண்ணு வாங்கிடுங்க, ஆயிரத்து எண்ணூறு. சர்வீஸ் எழுநூறு" என்றார். ஆக 2,500 ரூபாய். அவர் கையில் வைத்திருந்த டிஸ்க்கில் மார்க்கர் பேனாவால் ஏதோ கிறுக்கியிருந்தது. கம்பெனி முத்திரை, லைசென்ஸ் எதையும் காணோம். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

அன்று ராத்திரி நாத்தனார் மகளுக்குப் போன் போட்டேன். "அத்தை, டிரைவ் எல்லாம் வாங்காதீங்க. எட்டு ஜிபிக்குக் குறையாம ஒரு பென் டிரைவ் போதும். வேலை ஒண்ணுதான், பாத்திரம்தான் வேற" என்றாள். பாத்திரம் என்றதும் எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படைப் புரோகிராமைத்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறார்கள். விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் ஒன்று. 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது அதை 13 பிளாப்பிகளில் விற்றார்களாம். ஒன்று முடிந்து ஒன்றாக மாற்றிப் போட வேண்டும். சிடி வந்தபோது ஒன்றில் 700 எம்பி கொண்டது, டிவிடியில் 4.7 ஜிபி. இப்போது விண்டோஸ் 11-ன் பைல் 5 ஜிபியைத் தாண்டுகிறது, சாதாரண டிவிடியிலேயே அடங்காது. படி அரிசியை உழக்கில் கொட்டினால் நிற்குமா? விண்டோஸ் 10 வந்த காலத்திலேயே அந்தக் கம்பெனி பென் டிரைவில் போட்டு விற்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் டிஸ்க்கில் போட்டால்தான் 'கரெக்டா உட்காரும்' என்பதில் என்ன நியாயம்?

நாங்கள் தேர்ந்தெடுத்தது லினக்ஸ் மின்ட். காசு கிடையாது, திருட்டுக் காப்பி என்ற பயமும் இல்லை. லினக்ஸ் நமக்குப் புதிதும் இல்லை. சென்னை சி-டாக் தயாரித்து 2007-ல் வெளியிட்ட 'பாஸ்' என்பதும் லினக்ஸ்தான். அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு அதையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?

எதைத் தொடுவதற்கும் முன்னால் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைக்க வேண்டும். கடைக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்கு அதுதான் கோபம். புதிதாகப் போடும்போது பழையது அத்தனையும் அழிந்துவிடும். எங்கள் லேப்டாப்பில் நாத்தனார் மகளின் காலேஜ் பிராஜெக்ட் இருந்தது. மாமியாரின் அறுபதாம் கல்யாணப் போட்டோக்கள் இருந்தன. மாமியார் இப்போது இல்லை, அந்தப் போட்டோக்களுக்கு வேறு பிரதியும் இல்லை. அதனால் இரண்டு பென் டிரைவ் வாங்கினோம். ஒன்றில் போட்டோவும் பிராஜெக்டும், இன்னொன்று லினக்ஸ் போடுவதற்கு மட்டும். இரண்டும் சேர்த்து 750 ரூபாய் ஆனது. போட்டோ இருக்கிற பென் டிரைவிலேயே லினக்ஸையும் எழுதலாம் என்று நினைத்துவிடாதீர்கள், எழுதும்போது அதில் இருப்பதெல்லாம் துடைத்துப் போய்விடும்.

விலை மலிவாக 'ஆயிரம் ஜிபி' என்று பிளாட்பாரத்தில் விற்கிற பென் டிரைவ் பக்கமே போகாதீர்கள். வெளியே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. நிரம்பியதும் மேற்கொண்டு போடுவதெல்லாம் காணாமல் போகும்.

லேப்டாப்பில் விண்டோஸ் தட்டுத் தடுமாறி ஓடிக்கொண்டிருந்ததால், மகன் அதிலேயே மின்ட் பைலை இறக்கினான். கிட்டத்தட்ட 3 ஜிபி. அதை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் கம்ப்யூட்டர் கிளம்பாது. 'ரூபஸ்' என்று ஒரு இலவசப் புரோகிராம் இருக்கிறது, அதை வைத்து எழுத வேண்டும். பிறகு பென் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்த கையோடு எங்கள் மெஷினில் எப்12 பட்டனைத் தட்டினோம். கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பட்டன் மாறும். எதிலிருந்து கிளம்பட்டும் என்று கேட்டது, பென் டிரைவைக் காட்டினோம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, போடாமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. வை-பை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று அரை மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் 'போடு' என்றோம். டிஸ்க்கிலும் இப்படிப் பார்க்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அது சுற்றிச் சுற்றி நிற்கும். மொழி கேட்ட இடத்தில் தமிழும் இருந்தது, தெலுங்கும் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நகரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். எங்கள் ஊரே 1960 வரை ஆந்திராவில் இருந்ததுதானே!

அப்படியானால் டிஸ்க் எதற்குமே ஆகாதா? ஆகும். என் வீட்டுக்காரர் மலையடிவாரத்தில் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறார். அங்கே கணக்குக்காக ஒரு பழைய பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் பென் டிரைவிலிருந்து கிளம்பும் வசதியே கிடையாது, டிஸ்க் தட்டு மட்டும் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. அதே மின்ட் பைலை 25 ரூபாய் டிவிடியில் எழுதிப் போட்டோம். 3 ஜிபிதான் என்பதால் அடங்கிவிட்டது. லேப்டாப்புக்கு ஆனதைவிட இரண்டு பங்கு நேரம் ஆனது, அவ்வளவுதான். டிஸ்க்கில் ஒரு நல்ல குணம், ஒருமுறை எழுதினால் கல்வெட்டு மாதிரி. வைரஸ் உள்ளே நுழைய முடியாது. ஆனால் ஒரு கீறல் விழுந்தால் போச்சு. பென் டிரைவ் சிலேட்டு மாதிரி, அழித்து அழித்து எழுதலாம். கண்ட கம்ப்யூட்டரில் செருகினால் வைரஸும் ஒட்டிக்கொண்டு வரும்.

அதனால் லினக்ஸ் போட்ட பென் டிரைவில் மஞ்சள் நூல் கட்டி, ரேஷன் கார்டு இருக்கிற டப்பாவில் வைத்திருக்கிறேன். யாராவது பாட்டு ஏற்றிக்கொள்ளக் கேட்டால் தருவதில்லை. எப்12 என்று ஒரு சீட்டில் எழுதி, கூடவே போட்டு வைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, திருத்தணி