இலைக்கட்டை எண்ணினால் பந்தி தெரியும்

மச்சினன் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். இறக்குமதிப் பதிவுகளைக் கணினியில் கொட்டினால், ஒரு போன் கம்பெனிக்கு எது எங்கிருந்து வருகிறது என்று உலக வரைபடமே வந்து விழுமாம். அதற்குச் சான்று, 2025-ல் ஆப்பிள் அமெரிக்க வரிக்குப் பயந்து இந்தியாவிலிருந்து 15 லட்சம் ஐபோன்களை விமானத்தில் அனுப்பிய கதை. ‘இதைப் பத்தி எழுதுங்க அத்தான்’ என்று ஒரு வரி வேறு.

வரைபடம் கிடக்கட்டும். அந்த 15 லட்சம் எப்படி வந்தது என்பதுதான் ருசியான சங்கதி.

எத்தனை போன் என்று ஆப்பிள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் செய்தியாளர்களிடம் இருந்தது டன் கணக்குதான். ஏறக்குறைய ஆறு சரக்கு விமானங்கள், ஒவ்வொன்றும் 100 டன் தாங்கும், ஆக 600 டன். ஐபோன் 14-ஐ, சார்ஜர் வயரோடு பெட்டியில் வைத்து எடை போட்டால் சுமார் 350 கிராம். வகுத்துப் பார்த்தால் 17 லட்சத்துச் சொச்சம் வரும். அட்டைப்பெட்டி, சுற்றிய பிளாஸ்டிக், அடியில் வைத்த பலகை என்று போனுக்கு 50 கிராம் கழிவு கொடுத்தால் கச்சிதமாக 15 லட்சம். மளிகைக்கடைத் தராசில் செய்யும் கணக்கு!

அடுத்த வீட்டில் கல்யாணம், நமக்குப் பத்திரிகை வரவில்லை என்று வையுங்கள். வாசலில் இறங்கும் இலைக்கட்டை மறைக்க முடியுமா? கட்டுக்கு இத்தனை இலை, மொத்தம் இத்தனை கட்டு என்று எண்ணினால் பந்தி எத்தனை பேருக்கு என்று சொல்லிவிடலாம். இலை முகூர்த்தச் சாப்பாட்டுக்கா, முதல்நாள் இரவுக்கா என்பது மட்டும் தெரியாது.

அமெரிக்கத் துறைமுகங்களில் இந்த வாசல் திறந்தே கிடக்கிறது. கப்பலில் வரும் ஒவ்வொரு சரக்குக்கும் ‘பில் ஆஃப் லேடிங்’ உண்டு. அனுப்பியவர், பெறுபவர், ஏற்றிய துறைமுகம், பொருளின் விவரம், எடை எல்லாம் அதில் இருக்கும். சரக்குப் பட்டியலில் ஏறும் அந்த விவரங்களை அமெரிக்கச் சட்டம் பொதுவில் விடுகிறது. பஞ்ஜிவா, இம்போர்ட்ஜீனியஸ் போன்ற நிறுவனங்கள் அதை வாங்கி, துடைத்து, விற்கின்றன.   

இதில் எடையை நம்பலாம், பெயரை நம்பக்கூடாது. 2008-ல் இம்போர்ட்ஜீனியஸ் ஒரு குண்டு போட்டது: மார்ச் முதல் ஆப்பிளுக்கு 188 கன்டெய்னர்கள் வந்திருக்கின்றன, ‘மின் கணினிகள்’ என்று எழுதியிருக்கிறது, புது ஐபோனாகத்தான் இருக்கும் என்று. பத்திரிகைகளும் துள்ளின. தராசைக் கொண்டுவருவோம். கன்டெய்னருக்கு வெறும் 10 டன், பெட்டியோடு போன் அரை கிலோ என்று தாராளமாக வைத்தாலும், ஒன்றில் 20,000 போன்கள். 188-க்கு 37 லட்சத்துக்கு மேல். அந்தப் புது ஐபோன், அதாவது 3ஜி, முதல் வார இறுதியில் 21 நாடுகளில் சேர்த்தே விற்றது 10 லட்சம். தவிர, கைக்கடக்கமான, விலை கூடிய, அவசரமான பொருளை யார் கடலில் வாரக்கணக்கில் மிதக்கவிடுவார்கள்? அந்தக் கன்டெய்னர்கள் அத்தனையும் போன் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கல்யாண வீட்டுக்கே திரும்புவோம். மூட்டைகளில் பெண் வீட்டார் பெயர் இருக்காது, சமையல் கான்ட்ராக்டர் பெயர்தான் இருக்கும். அவர் அதே முகூர்த்தத்தில் மூன்று மண்டபங்களுக்குச் சமைப்பவர். ஆப்பிளுக்கு ஐபோன் செய்துகொடுக்கும் ஃபாக்ஸ்கான் மாதிரி. பெயரை மறைக்கச் சொல்லி அமெரிக்க கஸ்டம்ஸிடம் மனுப்போட்டால் இரண்டு ஆண்டுக்கு மறைத்தும் தருவார்கள். இனிப்பு மாமா ஸ்கூட்டரில் வந்துவிடும். அதாவது, விமானச் சரக்கு இந்தப் பொதுப் பட்டியலிலேயே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல், வாசலில் நின்று பார்ப்பவனுக்குக் கடைசி வண்டி மட்டுமே தெரியும். தைவான் சிப் சீனத் தொழிற்சாலைக்குப் போன வழியை அமெரிக்கத் துறைமுகத்தில் உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது? மாமா, ஸ்கூட்டர் எல்லாம் கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். உலக வரைபடம் அதைவிட அதிகம்.

ஆறு விமானக் கதையிலும் ஒரு ஓட்டை. 100 டன் என்பது விமானம் தாங்கக்கூடிய அளவு. ஏற்றிய அளவு அல்ல. ராய்ட்டர்ஸ் ‘15 லட்சம் வரை’ என்றுதான் எழுதியது. அந்த ‘வரை’ மச்சினனின் வீடியோவுக்கு வருவதற்குள் எங்கோ உதிர்ந்துவிட்டது.

நம் ஊர் வாசலும் ஒரு காலத்தில் திறந்திருந்தது. வெளிவராத போன்கள் மாடல் எண்ணோடும் ரூபாய் மதிப்போடும் சோதனைக்காக இந்தியாவுக்கு வந்திறங்குவதை ‘ஜௌபா’ தளத்தில் பார்த்துச் செய்தியாக்கியவர்கள் ஏராளம். 2016 நவம்பரில் இந்திய கஸ்டம்ஸ் அன்றாட ஏற்றுமதி இறக்குமதிப் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியது. 2022-ல் சுங்கச் சட்டத்தில் 135ஏஏ பிரிவு நுழைந்தது: ஏற்றுமதி இறக்குமதி விவரங்களை அனுமதியின்றி வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதற்கு மூன்று ஆண்டு கழித்து வந்த அதே ராய்ட்டர்ஸ் ஏப்ரல் செய்தியில், ஃபாக்ஸ்கான் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஜனவரியில் அனுப்பிய சரக்கின் மதிப்பு 77 கோடி டாலர் என்று ஒரு வரி இருக்கிறது. எங்கிருந்து கிடைத்தது என்றும் எழுதியிருக்கிறார்கள்: காசு கொடுத்தால் கிடைக்கும் இந்திய கஸ்டம்ஸ் தரவு.